செயலாளரின் ஆண்டறிக்கை: முகாமைத்துவ ஆலோசனைத் தொழிலுக்கான மாணவர் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவர்களே,

கடந்த பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, ஹட்டன் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்றுள்ளவர்களுக்கும் உயர்தர வர்த்தகப் பிரிவில் பயில்வோருக்கும் இப்பயிற்சியை மாதத்தில் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினோம். நூலகமும் விளையாட்டு விழாவும் வழமைபோல் நடைபெற்றமையாலும், கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதாலும், இவ்வறிக்கை பயிற்சி வகுப்பைப் பற்றியதாகவே அமைகிறது.

ஆலோசனை என்றதும் மனக்கவலைக்கு ஆறுதல் கூறும் வேலை என்றே பெற்றோர் சிலர் எண்ணியிருந்தனர். நிறுவனமொன்றின் சிக்கலை வெளியிலிருந்து வந்து ஆராய்ந்து, செய்ய வேண்டியதை அதன் நிர்வாகத்திற்கு எடுத்துரைப்பதே இத்தொழில் என விளக்கினோம். 1926இல் சிக்காகோவில் தொடங்கிய மெக்கின்சி, 1963இல் தோன்றிய பொஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973இல் உருவான பெயின் ஆகிய மூன்றும் இத்துறையில் முதலில் சொல்லப்படும் பெயர்கள். இவற்றின் நேர்முகத்தேர்வில் பாடக் கேள்விகளைவிட, வணிகச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து அதைத் தேர்வாளரின் முன்னிலையிலேயே வாய்விட்டு ஆராயச் சொல்லும் ‘கேஸ்’ முறையே முக்கியமானது.

முதல் கேஸாகத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்தோம். எடை நிறுத்து ஏற்ற கொழுந்தின் அளவும் கொழும்பு ஏலத்தில் கிடைத்த விலையும் முன்னைய ஆண்டைப் போலவே இருக்க, இலாபம் மட்டும் குறைந்திருந்தது. சம்பள உயர்வு, உர விலை என மாணவர்கள் உடனே விடைகளை அடுக்கினார்கள். வருமானத்தையும் செலவையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. வகுப்பு முடிந்த பின்னர், தாயார் கொழுந்து பறிக்கும் மாணவி ஒருவர் பயிற்றுநரிடம் தயங்கியபடி வந்து, "சேர், கொழுந்தை மழையில நிறுத்தாங்களா?" என்று கேட்டார். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோ தேயிலை கிடைக்கும். ஈரத்தோடு நிறுத்தால் ஏட்டில் கிலோ கூடும், தூள் கூடாது. அந்தக் கேஸின் முடிச்சே அதுதான். அதை வகுப்பிலேயே கேட்டிருக்கலாமே என்றதற்கு, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்ததாகச் சொன்னார்.

எமது பிள்ளைகளிடம் குறைவது அறிவன்று, இந்தக் கேள்வியை உரிய இடத்தில் கேட்கும் துணிவே என்பது அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. அதன்பின் விடை கூறுமுன் மூன்று கேள்விகளாவது கேட்க வேண்டும் என விதித்து, மாணவர்களையே மாறிமாறித் தேர்வாளராகவும் அமர்த்தினோம். சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்குவோர் ஒரு நாளில் எத்தனை கோப்பை தேநீர் அருந்துவர் எனக் கேட்டபோது, தொடக்கத்தில் தெரியாது என்றவர்கள், பின்னர் வண்டிகள், பெட்டிகள், இருக்கைகள் எனப் படிப்படியாக மதிப்பிட்டுக் காட்டினார்கள். ஒவ்வொரு கேஸையும் முதலில் தமிழிலும் மறுவாரம் ஆங்கிலத்திலும் செய்வித்தோம். இது காலவிரயம் என்று குழுவில் எழுந்த கருத்தை நான் ஏற்கவில்லை. சிந்தனை தெளியாதவருக்கு ஆங்கிலம் மட்டும் கைகொடுக்காது.

தலைமைத்துவ அனுபவம் பற்றிய கேள்விக்குத் தன்னிடம் எதுவுமில்லை என்ற மாணவர், தம் தோட்டத்துக் காமன் கூத்துக்கு லயம் லயமாக (தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகள்தோறும்) பணம் சேர்த்துக் கணக்கும் காட்டியவர் என்பது பின்னரே தெரிந்தது. அதை ஒரு பக்க விண்ணப்பத்தில் எழுதச் செய்தோம்.

பயிற்றுநரை அனுப்புவதாக வாக்களித்த கொழும்பு நிறுவனமொன்று பின்னர் எமது கடிதங்களுக்குப் பதில் தரவில்லை. இணையவழி வகுப்புகள் மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்தன. இதுவரை எவரும் ஆலோசனை நிறுவனத்தில் சேரவில்லை. ஒருவருக்குக் கணக்காய்வு நிறுவனத்தில் உள்ளகப் பயிற்சி கிடைத்துள்ளது. இடங்கள் மிகக் குறைவான துறை என்பதால், கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளையும் கைவிடாதிருக்குமாறு மாணவர்களை அறிவுறுத்தியுள்ளோம்.

வரும் ஆண்டிலும் வகுப்பைத் தொடர்வதற்கும், ஞாயிறு பிற்பகல்களில் மண்டபத்தை அதற்கென ஒதுக்குவதற்கும் சபையின் அனுமதியைக் கோரி, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்