வேலை தராதவருக்கு முதல் நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பழைய அலுவலகத் தோழர்களுக்கும்,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்றின் நிதித் திட்டமிடல் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, வருகிற திங்கட்கிழமை சேரவிருக்கிறேன் என்ற செய்தி இதற்குள் உங்களில் பெரும்பாலானோருக்கு எட்டியிருக்கும். சம்பளம் எவ்வளவு என்பதை உரிமையுள்ளவர்கள் நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். மற்றவர்களுக்கு, வீட்டுக் கடன் தவணைத் தேதி நெருங்கும்போது இனி வயிற்றைக் கலக்காது என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீடு எந்த நிலையில் இருந்தது என்பதைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள் என்பதால், அந்தக் கதையை மறுபடியும் எடுக்கவில்லை.

யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று யோசித்தபோது, எனக்கு வேலை தராத ஒருவர்தான் நினைவில் முன்னால் வந்து நின்றார். அவர் வேறொரு மென்பொருள் நிறுவனத்தின் நிதிப் பிரிவு மேலாளர். பெயரைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் விடுகிறேன். அங்கே நேர்காணல் முடிந்து, தேர்வாகவில்லை என்ற வழக்கமான மின்னஞ்சலும் வந்து சேர்ந்த பிறகு, ஒரு மாலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு எடுத்தேன். எதிர்முனையில் ரயில் நிலைய அறிவிப்பு அவருடைய குரலை விடச் சத்தமாகக் கேட்டது. "உங்ககிட்ட பத்து நிமிஷம் பேசலாமாங்க? இது ஆபீஸ் சார்பா இல்ல, நானா பேசுறேன்" என்றார்.

நேர்காணலில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் நினைவில் வைத்திருந்தார். திட்டமிட்ட தொகைக்கும் உண்மையில் ஆன தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் வேரியன்ஸ் ரிப்போர்ட்டை மாதாமாதம் தயாரித்து நிர்வாகத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லியிருந்தேன். அனுப்பிய பிறகு என்ன நடந்தது என்று இப்போது கேட்டார். அம்பத்தூரில் கார் உதிரிபாகத்துக்கு அலுமினிய வார்ப்பு செய்யும் எங்கள் தொழிற்சாலையில், வார்ப்பில் கழிபட்ட துண்டுகளை மறுபடி உருக்கிக்கொள்வதால் நட்டம் எதுவும் இல்லை என்றே எல்லோரும் வெகுகாலமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். உருக்குவதற்கான எரிபொருள், உருக்கும்போது கரிந்து போகும் உலோகம், அந்தத் துண்டுகளுக்காக வீணாக ஓடிய இயந்திர நேரம் ஆகியவற்றைக் கூட்டி, ஒரு கழிவுத் துண்டின் உண்மையான விலையை நான் போட்டுக் காட்டிய பிறகுதான் கழிவைக் குறைக்க வார்ப்பு அச்சுகளின் பராமரிப்புக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள். இதைச் சொன்னதும் அவர் சற்றே கோபத்துடன், "இதை ஏங்க அன்னிக்குச் சொல்லல? இதுக்குப் பேருதான் எஃப்பி அண்ட் ஏ. நீங்க கணக்கு எழுதுறவங்க மாதிரியே பேசிட்டுப் போனீங்க" என்றார். நிதித் திட்டமிடலும் பகுப்பாய்வும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் எஃப்பி அண்ட் ஏ.

அடுத்து ஒரு கணக்குப் போட்டார். அக்டோபர் 1 அன்று ஒரு வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தாவாக 12 லட்சம் ரூபாயை முன்கூட்டியே கட்டிவிடுகிறார், வரியை விட்டுவிடலாம், மார்ச் 31 அன்று முடியும் நிதியாண்டில் வருவாய் எவ்வளவு என்றார். லாரி கேட்டைத் தாண்டியதும் பில்லும் வருவாயும் ஒருசேரப் பதிவாகும் இடத்தில் வேலை பார்த்தவளுக்கு இது புதுச் சங்கதி. என் தயக்கத்தைப் புரிந்துகொண்டு, "உங்க ஃபேக்டரில கஸ்டமர் அட்வான்ஸ் கொடுத்தா எங்க வைப்பீங்க?" என்று மாற்றிக் கேட்டார். பொறுப்புகள் பக்கத்தில், அதாவது நாம் இன்னும் தீர்க்க வேண்டியவற்றை எழுதும் பக்கத்தில் என்றேன். "அதேதாங்க இதுவும்" என்றார். மென்பொருளைப் பயன்படுத்தக் கொடுத்த ஆறு மாதத்துக்கு 6 லட்சம் வருவாய், இன்னும் கொடுக்க வேண்டிய ஆறு மாதத்துக்கு 6 லட்சம் பொறுப்பு. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற, வருவாயை எப்போது, எவ்வளவு பதிவது என்று சொல்லும் கணக்கியல் நியமத்தை நான் பரீட்சைக்காகப் படித்ததுண்டு. ஆனால் வங்கியில் பணம் நிறைந்திருக்கும்போதே வருவாய் ஏன் குறைவாகத் தெரியும் என்பது அந்த அட்வான்ஸ் கேள்வியில்தான் எனக்குப் பிடிபட்டது.

பத்து நிமிடம் என்று தொடங்கிய பேச்சு அரை மணி நேரத்தைத் தாண்டியது. ஏற வேண்டிய ரயிலை அவர் விட்டுவிட்டார் என்பது பின்னணிச் சத்தத்திலேயே தெரிந்தது. இப்போது கிடைத்திருக்கும் வேலைக்கான நேர்காணலில் அந்த அலுமினியக் கதையைத்தான் முதலில் சொன்னேன், சந்தா வருவாய் பற்றிய கேள்வியும் வந்தது.

நிறுவனங்கள் காரணம் சொல்லாமல் நிராகரிப்பதில் அவர்களுக்கென்று ஒரு நியாயம் இருக்கலாம். சொன்னால் வாக்குவாதம் வரும், சில சமயம் வழக்கும் வரும். ஆனால் காரணம் தெரியாதவர் அதைத் தன் படிப்பிலும் வயதிலும் ஆங்கில உச்சரிப்பிலும் தேடத் தொடங்கிவிடுகிறார். நானும் அப்படித்தான், குழந்தை பிறந்த பிறகு எடுத்துக்கொண்ட இடைவெளிதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஏறக்குறைய முடிவே கட்டியிருந்தேன். நிராகரித்தவரே கூப்பிட்டு, குறை அங்கே இல்லை, இங்கே இருக்கிறது என்று காட்டியது வேலைக்குச் சமமான உதவி என்றே கருதுகிறேன்.

மற்றவர்களையெல்லாம் சேர்த்து ஒரே பத்தியில் சொல்வதற்கு மன்னிக்கவும். மூன்று மாத நோட்டீஸ் பீரியடை ஒரு மாதமாகக் குறைத்துக் கையெழுத்திட்ட பழைய தொழிற்சாலையின் பொது மேலாளர், ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கடியிலும் என் வேலையைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்ட கணக்குப் பிரிவு அண்ணன், எண்களை வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைச் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்த கல்லூரித் தோழி, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்து வீட்டுப்பாடமும் எழுத வைத்த பெரியம்மா, கொடுத்த கடனைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத சித்தப்பா, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. சித்தப்பா, உங்களுக்கு முதல் சம்பளத்திலிருந்தே அனுப்பத் தொடங்குகிறேன், வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

அந்த மேலாளருக்கு ஆஃபர் லெட்டர் வந்த அன்றே தகவல் அனுப்பினேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாத முடிவுக் கணக்கு தலைக்கு மேல் இருப்பதாக எழுதியிருந்தார். நேர்காணல் குழுவில் நான் உட்காரும் காலம் வந்தால், நிறுவனத்தின் விதி இடம் தரும் அளவுக்கு, தேர்வாகாதவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவது என்று உறுதி எடுத்திருக்கிறேன். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தொழிற்சாலைக் கணக்குப் பிரிவிலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருந்தால், ரெஸ்யூமை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வேலை வாங்கித் தரும் செல்வாக்கு எனக்கு இல்லை. ஞாயிறு மதியங்களில் படித்துவிட்டு, எந்த வரியை மாற்றி எழுத வேண்டும் என்று நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் அம்பத்தூர்த் தோழி