வெந்தய வரியனின் குடும்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த வண்ணத்துப்பூச்சிக் கட்டுரையில், வெந்தய வரியன் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி: "இது டானைடே குடும்பம். இப்போது சிலர் வேறு குடும்பம் என்கிறார்கள். எந்தக் குடும்பமானால் என்ன, பூச்சி பூச்சிதானே!" முதல் வாக்கியம் பிழை; வெந்தய வரியன் நிம்ஃபாலிடே என்ற பெரிய குடும்பத்தில், டானைனே என்ற துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அச்சில் பிழை வருவது புதிதல்ல, பொறுத்துக்கொள்கிறேன். கடைசி வாக்கியத்தைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கட்சியைத் தவறாகப் போட்டுவிட்டு "எந்தக் கட்சியானால் என்ன" என்று உங்கள் பத்திரிகை எழுதுமா?

தங்களுக்குத் தெரியாத வரலாறு அல்ல இது. 1758-இல் இந்தப் பூச்சிக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், உலகத்து வண்ணத்துப்பூச்சிகள் எல்லாவற்றையும் பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல் வரிசையில் 1905-இல் பிங்காம் எழுதிய தொகுதி, டானைனேயை நிம்ஃபாலிடேயின் துணைக்குடும்பமாக வைத்தது. அதே வரிசையில் 1947-இல் டால்பட் அதை டானைடே என்று தனிக் குடும்பமாக்கினார். நம் கையேடுகளும் வினா வங்கிகளும் டால்பட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டன. 1984-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் ஆக்கெரியும் வேன்-ரைட்டும் டானைனேக்களை உடலமைப்பு, புழு, உணவுச்செடி என்று ஒவ்வொன்றாக அலசித் தனி நூலே வெளியிட்டார்கள். அதன்பின் மரபணு ஆய்வுகளும் வந்தன. நிம்ஃபாலிடே என்ற மரத்தில் முதலில் பிரிந்த கிளை, பீக் எனப்படும் வண்ணத்துப்பூச்சிகள் அடங்கிய லிபிதீயினே துணைக்குடும்பம். அடுத்துப் பிரிந்தது டானைனே. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். மூத்த கிளையை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டாவது கிளையை மட்டும் வெளியே நிறுத்த எந்த நியாயமும் இல்லை. தென் அமெரிக்காவின் கண்ணாடிச் சிறகு இத்தோமியாக்களும், நியூ கினி, ஆஸ்திரேலியா பக்கத்து டெல்லெர்வோ பேரினமும் இதே துணைக்குடும்பத்துக்குள் வந்தாயிற்று. "சிலர் சொல்கிறார்கள்" என்று தங்கள் கட்டுரையாளர் தள்ளிவிட்டது இத்தனை பேரின் உழைப்பை.

இந்த வரி எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு வினாடி வினாப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் எந்தக் குடும்பம் என்பது கேள்வி. "நிம்ஃபாலிடே, துணைக்குடும்பம் டானைனே" என்று தயங்காமல் சொன்னாள். நடுவர் கையிலிருந்த தாளில் டானைடே என்று இருந்தது. தவறு என்று மணி அடித்துவிட்டார்கள். மேடைக்குப் போய் விளக்கினேன். "குழந்தைகள் போட்டி டீச்சர், பெரிசு பண்ணாதீங்க" என்றார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் முதல் பரிசு போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டது, "நான் சொன்னது தப்பா டீச்சர்?" எந்தக் குடும்பமானால் என்ன என்று அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டுமா, ஆசிரியரே?

அவள் அதை மனப்பாடம் செய்து சொன்னவள் அல்ல. எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் எருக்கு மண்டிக் கிடக்கும். இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருக்கும். அதன் முதுகில் மெல்லிய கரிய இழைகள் மூன்று ஜோடி. அரளிச் செடியில் காமன் குரோ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பார்த்தால் நான்கு ஜோடி. கொடிப்பாலையில் வளரும் புளூ டைகருக்கும், நஞ்சறுப்பான் கொடியில் வளரும் கிளாஸி டைகருக்கும் இரண்டே ஜோடி. இந்த நான்கும் முறையே டனாஸ், யூப்ளோயா, திருமலா, பரான்டிகா என்று நான்கு பேரினங்கள். லென்ஸ்கூட இல்லாமல், இழைகளை விரலால் எண்ணியும் செடியைப் பார்த்தும் என் பிள்ளைகள் பிரித்துக் காட்டுவார்கள். பூச்சி உட்கார்ந்தால் கால்களை எண்ணச் சொல்வேன். நான்குதான் தெரியும். முன்னங்கால் இரண்டும் குறுகி, தூரிகை போல மார்போடு ஒட்டிக் கிடக்கும். பெண் பூச்சி முட்டையிடும் முன் அந்தக் குட்டைக் கால்களால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வகுப்பே மூச்சு விடாமல் நின்றிருக்கிறது. வகைப்பாடு என்பது ஏதோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பெயரை மாற்றும் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு எருக்கஞ்செடியின் முன்னால் அரை மணி நேரம் நிற்கட்டும்.

பழைய கணக்கும் இருக்கிறது. போன ஆண்டு வெந்தய வரியன் என்று நீங்கள் போட்ட பெரிய வண்ணப்படம் வெந்தய வரியனே அல்ல. அது வெந்தய வரியனைப் போல வேஷம் போடும் டானைட் எக்ஃபிளை என்ற வேறு வண்ணத்துப்பூச்சியின் பெண். பின்சிறகின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தது. உண்மையான வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவே மூன்று அல்லது நான்கு புள்ளிகள் இருக்கும். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் வெந்தய வரியனைப் பறவைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. எக்ஃபிளை பருப்புக்கீரையைத் தின்று வளர்வது. அதனிடம் அந்த நஞ்சு கிடையாது, வேஷம் மட்டுமே. இரண்டும் நிம்ஃபாலிடேதான், ஆனால் துணைக்குடும்பம் வேறு. காமன் மைம் என்று இன்னொன்று புளூ டைகர் போலவும் காமன் குரோ போலவும் இரு வேடம் போடும். அது இன்றைய பாப்பிலியோ பேரினம், குடும்பமே வேறு; ஆறு காலிலும் நிற்கும். பறவையே ஏமாறும் இடத்தில் நம் கையிலிருக்கும் ஒரே சாதனம் வகைப்பாடு. அதையும் "என்ன" என்று ஒதுக்கினால் எப்படி? அன்றைக்கே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. திருத்தமும் வரவில்லை.

அதற்கும் முன்பு, ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் டைகர்களும் குரோக்களும் மேற்கு நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போனபோது "பூச்சிகள் படையெடுப்பு: மக்கள் அச்சம்" என்று தலைப்பிட்டீர்கள். யாரும் அஞ்சவில்லை. என் தெருவில் குழந்தைகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவத்தில் திரும்பிப் போகும் பயணம் அது. இரண்டு திருமலா இனங்களும் இரண்டு யூப்ளோயா இனங்களும்தான் அதில் பெரும்பங்கு. அந்தச் செய்திக்கு நீங்கள் போட்ட படமோ, மெக்சிகோ மலைக்குப் போகும் அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சி.

அரசாங்கமும் இதில் விலக்கல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே டானைடே, சட்டைரிடே என்று தனித்தனிக் குடும்பத் தலைப்புகள்தான் நெடுங்காலம் இருந்தன. 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது நீங்கள் பெருமையோடு படம் போட்டீர்கள். அதுவும் நிம்ஃபாலிடேதான். எருக்கில் பறக்கும் பூச்சியும் மலைக்காட்டில் பறக்கும் அந்தப் பூச்சியும் ஒரே குடும்பம் என்பதை ஒரு குழந்தை தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் அந்தப் பட வரி கெடுத்தது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், "வெந்தய வரியன்: குடும்பம் நிம்ஃபாலிடே, துணைக்குடும்பம் டானைனே" என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். மூலையில் சிறிய எழுத்தில் போட்டாலும் சரி. இனி வண்ணத்துப்பூச்சிப் படம் அச்சுக்குப் போகும் முன், அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், பஸ்ஸில் அந்தப் பெண் கேட்ட கேள்வியை மட்டும் இடப்பற்றாக்குறை என்று வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
சேலம் மாவட்டம்.