தீபனைப் பற்றி நீ கேட்கலாம்

டிக்கோயா

அன்புள்ள பெருமாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூடலூர் மழை, உன் முழங்கால் வலி, பச்சைக் கொழுந்தின் விலை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எங்கள் மகன் தீபனைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் மனம் நோகும் என்று விட்டிருப்பாய். இங்கேயும் அப்படித்தான். தோட்டத்து லய வீடுகளில் யாராவது அவன் பெயரை எடுத்தால் பக்கத்தில் நிற்பவர் முழங்கையால் இடிக்கிறார். ஆகவே நானே எழுதுகிறேன்.

கொழும்புப் புறக்கோட்டையில் கடை வேலையில் இருந்தவன் தீபாவளிக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. தூக்கம் வருவதில்லை என்று அம்மாவிடம் சொன்னான். தைப்பொங்கல் கழிந்த கையோடு தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இருபத்தாறு வயது. எப்படி என்று எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

பொலிஸில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றேன். நீங்கள் சொன்னதுதான் என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். திடீர் மரண விசாரணை அதிகாரி தன்மையான மனிதர். ஆனால் அவரும் முதலில் கேட்டது, வீட்டில் ஏதும் சண்டையா என்பதைத்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். காதல், கடன், கைபேசி, செய்வினை. ஒருவர் லயத்துக் கோடியில் நிற்கும் மரத்தைக்கூடச் சொன்னார். காரணம் ஒன்று அகப்பட்டுவிட்டால், நம் பிள்ளைக்கு அது இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் அல்லவா? குறை சொல்லவில்லை. நானும் இரவெல்லாம் அதைத்தான் தேடினேன். அவனுடைய சட்டைப் பைகளைத் துழாவினேன். பஸ் டிக்கெட்டும் பாதி தீர்ந்த சூடன் டப்பியும் தவிர ஒன்றும் இல்லை. இப்போது தேடுவதை விட்டுவிட்டேன்.

பிரஷருக்கு மருந்து எடுக்கப் போனபோது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். 1990களின் நடுப்பகுதியில் இப்படிச் சாகிறவர்களின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்றாம். கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு, அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சனங்களின் கஷ்டம் ஒன்றும் பாதியாகக் குறையவில்லையே, பெருமாள்! அந்த ஒரு நேரம் தப்பிவிட்டால் பலர் பிழைத்து, வேலைக்குப் போய், பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? இதைக் கேட்டு ஆறுதல் பட்டேனா, இன்னும் வெந்து போனேனா என்று எனக்கே தெரியவில்லை. தோட்டத்து மருத்துவமாது கொடுத்த 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை வாசிகசாலைச் சுவரில் பெரிதாக எழுதிவைத்தேன். எந்த நேரமும் தமிழிலும் பேசலாமாம். சுவரைப் பழுதாக்கிவிட்டேன் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். வரட்டும்.

துர்மரணத்துக்குத் தப்பு மேளம் அடிக்கக் கூடாது, கருமாதியும் வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் அன்று ஆரம்பித்தார். முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நிறுத்திய சட்டத்தையே இந்த நாடு 1998இல் நீக்கிவிட்டது. நம் ஆட்கள் இன்னும் நீக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் தப்புக்காரர் எழுந்து, என் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை, நான் அடிப்பேன் என்று தீயில் தப்பைக் காய்ச்சத் தொடங்கிவிட்டார். பதினாறும் குறைவில்லாமல் செய்தோம்.

மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினார்கள். நீ ரதியாகவும் நான் மதனாகவும் வேஷம் கட்டிய காலம் உனக்கு நினைவிருக்கும். நீ புலம்பும்போது பெண்கள் விம்முவார்கள், வேஷத்துக்குள் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். இந்த முறை தகனத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தாலும் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் காமனை உயிர் எழுப்புகிறார்கள் பார், அந்தச் சடங்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன். தீபனின் அம்மா சாத்தவில்லை. வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள்.

அவள் என்னைவிடத் திடமானவள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். முதல் நாட்களில் கை ஓடவில்லை. தேயிலை நிரையில் நின்றபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாளாம். கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தால், பக்கத்து நிரைக்காரிகள் தங்கள் கூடையிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளி இவள் கூடையில் போட்டுவிடுவார்கள், அரைப்பேர் விழுந்து அரைநாள் சம்பளமாகிவிடக் கூடாதென்று. அவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வேலை செய்யும்போது தீபன் சின்ன வயதில் செய்த குறும்புகளைப் பேசிச் சிரிப்பார்களாம். அவள் வீட்டுக்கு வந்து அதை எனக்குச் சொல்வாள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் அவன் தொட்டிலைவிட்டு இறங்கி, அம்மாவைத் தேடி மலைக்கே தவழ்ந்து போன கதை எனக்கு இப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக உன் அக்கா மகன் மூலம் கேள்விப்பட்டேன். எங்கள் துக்கத்தை எண்ணி நீ மறைத்திருக்கிறாய். அப்படிச் செய்யாதே. பத்திரிகை அனுப்பு, மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று விவரமாக எழுது. தீபன் உன்னோடு கைபேசியில் பேசுவானே, நீங்கள் இரண்டு பேரும் என்னதான் பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுது. தீபனின் அம்மா வாசித்துக் காட்டச் சொல்வாள், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, என் கண்ணாடிக்கு வயதாகிவிட்டது.

அன்புடன்,
சின்னையா