செல்வத்துக்கு: அந்த லேப்டாப்பை இன்னும் விரட்டாதே

சென்னை
மே 4

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. நான் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுவிடு.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆக நேரமாகிறது, ஓவர்கிளாக் (சிப்பைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். உன்னிடம் இருப்பது இன்டெல் ஐ7-8750ஹெச். அந்தச் சிப்பின் மல்டிபிளையர், அதாவது வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண், பூட்டப்பட்டது. அந்த வரிசையில் பூட்டில்லாமல் வந்தது ஐ9-8950ஹெச்கே. பூட்டு இல்லாதிருந்தாலும் ஏற்றச் சொல்லியிருக்க மாட்டேன். நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையே பார். ஆறு கோரும் (கணக்குப் போடும் பகுதிகள்) சேர்ந்து 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய சிப், உன் மேசையில் 2.6-ல் திணறுகிறது, சூடு 97 டிகிரி. கம்பெனி கொடுத்த வேகமே உனக்கு முழுசாக வந்து சேரவில்லை. அதற்கு மேல் எதை ஏற்றுவது?

சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகம் கூட்டினால் வோல்டேஜும் கூட்டியாக வேண்டும் என்பதால் சூடு இரண்டு பக்கமும் ஏறுகிறது. இதையே திருப்பிப் போடு: 1.20 வோல்ட்டை 1.10 ஆக்கினால், அதே வேகத்தில் சுமார் 16 சதவீதம் மின்சாரம் குறையும். உனக்கு வேண்டியது இப்படி வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட்தான்.

அதற்கு முன் லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய். ஃபேனுக்கும் அது காற்றைத் தள்ளும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கு. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். சுழல விட்டால் அது குட்டி ஜெனரேட்டராகி போர்டுக்குள் மின்சாரம் அனுப்பும்.

சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 2018-ல் போட்டதாகத்தான் இருக்கும். லேப்டாப் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கான் மீதே ஹீட்சிங்க் உட்காருகிறது. சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கி, நடுவில் வறண்டுவிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையிலேயே, எல்லாவற்றையும் பாதி பாதியாக இறுக்கு. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, கெட்டியான பேஸ்ட்டை சிப் முழுக்க மூடும்படி போடு. மெமரி, மாஸ்ஃபெட் (சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) மேல் உள்ள தெர்மல் பேடு (சூடு கடத்தும் மெத்தை) கிழிந்தால் அதே கனத்தில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் தடித்தாலும் ஹீட்சிங்க் சிப்பை விட்டு எழும்பிக்கொள்ளும், சூடு முன்னைவிட மோசமாகும். பேஸ்ட்டுக்குப் பதிலாகப் போடும் லிக்விட் மெட்டல் பக்கம் போகாதே. அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துப் பொடியாக்கும். பையில் போட்டு அலையும் மெஷினில் ஒரு துளி நகர்ந்தால் ஷார்ட்.

பிறகு சிப்பின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளை இறக்கி, அதில் வோல்டேஜுக்கான எஃப்.ஐ.வி.ஆர். ஜன்னலைத் திற. சிபியு கோர், சிபியு கேஷ் (சிப்புக்குள் இருக்கும் குட்டி மெமரி) இரண்டுக்கும் மைனஸ் 50 மில்லிவோல்ட் ஆஃப்செட் கொடு, அதாவது வழக்கமான வோல்டேஜிலிருந்து அவ்வளவு குறை. இந்தச் சிப்பில் இரண்டும் ஒரே வோல்டேஜைப் பகிர்வதால் ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இருக்காது. சிப்பை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடட்டும். தாங்கினால் பத்துப் பத்தாக இறக்கு. எந்த அளவில் மெஷின் உறைந்து தொங்குகிறதோ அங்கிருந்து 15, 20 மில்லிவோல்ட் மேலே வந்து நின்றுகொள். சினிபெஞ்ச் தாண்டிவிட்டதே என்று நம்பிவிடாதே. சும்மா பிரவுசர் திறக்கும்போது ஒரே கோர் 4.1 கிகாஹெர்ட்ஸ் வரை துள்ளும், அப்போதுதான் பலருக்கும் நீலத் திரை வருகிறது. இரண்டு மூன்று நாள் வழக்கம்போல வேலை செய்துவிட்டு, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் (WHEA-Logger) என்ற வன்பொருள் பிழை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார். அதுவரை விண்டோஸ் தொடங்கும்போதே த்ராட்டில்ஸ்டாப் ஓடும்படி வைக்காதே. தப்பான அளவு என்றால் ஒவ்வொரு தடவையும் லாகின் ஆனதுமே விழும். நீலத் திரையாவது கண்ணுக்குத் தெரியும். வோல்டேஜ் போதாத சிப் சத்தமில்லாமல் கணக்கைத் தப்பாகப் போட்டு ஃபைலைக் கெடுக்கும், அதுதான் எனக்குப் பயம். கல்யாண ஃபுட்டேஜ் திரும்ப எடுக்க முடியாத பொருள். வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு.

எஃப்.ஐ.வி.ஆர். ஜன்னலில் வோல்டேஜைப் பூட்டியதாகக் காட்டினால் குழம்பாதே. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வோல்டேஜைக் குறைத்தே சிப்பின் ரகசியப் பகுதியில் கணக்கைக் குழப்பலாம் என்று காட்டினார்கள். அதன்பின் வந்த பல பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்கள் இந்த வசதியைப் பூட்டின. பழைய பயாஸை ஏற்றப் போய் போர்டைச் சாகடிக்காதே. அதற்குப் பதில் த்ராட்டில்ஸ்டாப்பின் டர்போ ரேஷியோவில் (அதிகபட்ச வேக எண்) ஆறு கோருக்கான எண்ணை 39-லிருந்து 34 ஆக்கிப் பார், அதாவது 3.9-லிருந்து 3.4 கிகாஹெர்ட்ஸ். சூடு இறங்கி வேகம் ஆடாமல் நிற்கும்.

பி.எல்.1 வரம்பை (சிப் தொடர்ந்து தின்னக்கூடிய மின்சாரத்தின் அளவு) 45 வாட்டிலிருந்து 60 ஆக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அந்த 60 வாட்டை வெளியே தள்ள உன் ஹீட்பைப்புக்குத் தெம்பு இல்லை. சிப் 100 டிகிரியில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட்டும் பேட்டரியும் அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கும். அடாப்டர் போதாத நேரத்தில் மீதியை பேட்டரி கொடுத்துச் சீக்கிரம் தேயும். பிராசஸர் போர்டோடு சால்டர் செய்தது, செத்தால் போர்டையே மாற்ற வேண்டும். த்ராட்டில்ஸ்டாப்பில் பி.டி. பிராச்ஹாட் (BD PROCHOT) டிக்கையும் எடுக்காதே, மற்ற பாகங்கள் சூடேறும்போது சிப்பை அடக்கும் மணி அது.

திருச்சி வெயிலில் அறை 30-லிருந்து 38 டிகிரிக்குப் போனால் சிப்பும் ஏறக்குறைய அதே எட்டு டிகிரி ஏறும். பெரிய எக்ஸ்போர்ட்டை விடியற்காலையில் போடு, பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வை.

சுத்தம் செய்தபின் த்ராட்டில்ஸ்டாப்பின் லிமிட்ஸ் ஜன்னலில் எந்தப் பெட்டி சிவப்பாகிறது, தெர்மலா பி.எல்.1-ஆ என்று எழுது. ஆஃப்செட்டை எவ்வளவு இறக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்