வெட்டுகத்தியில் இருந்த கோடு

களியக்காவிளை,
ஞாயிறு இரவு

மக்களே,

நீ போனை வைத்த பிறகு அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள், பிள்ளைக்கு என்ன, குரல் ஒரு மாதிரி இருந்ததே என்று. வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். இங்கே இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. பட்டறையில் கரி ஈரம், உலை மூட்டவே அரை மணி நேரம் ஆகிறது. தெற்கு மூலைச் சக்கை மரம் காய்த்துத் தள்ளுகிறது, தின்ன ஆளில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல வாய் வராததால்தான் எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் அணு உலைக்கான எஃகில் 24 துண்டை அளந்தேன், 21 துண்டு நினைத்தபடி வந்தது, மூன்று மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றாய். அந்த மூன்றையும் விட்டுவிட்டால் வரைபடம் அழகாக வரும் அப்பா என்றாய். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, எனக்கேதான் தோன்றியது என்றும் சொன்னாய். அப்போது நான் 'ம்' என்று மட்டும் சொன்னேன். அந்த 'ம்' இரண்டு நாளாக என்னை அரிக்கிறது.

உன் வேலையை நான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் பார்த்துக்கொள். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். ஆனால் இரும்பை எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயது இருக்கும்போது கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை உன் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா? அதே இடத்தில் வளைக்க வளைக்க விறைத்தது, கடைசியில் பட்டென்று ஒடிந்தது. இன்னொரு துண்டைப் பாதியில் வாங்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டுக் கொடுத்தேன். மறுபடியும் வாழைநார் மாதிரி வளைந்தது. ஏன் என்று கேட்டாய். என் அப்பாவிடம் நானும் கேட்டிருக்கிறேன், அது அப்படித்தான் என்பார். நானும் அதையே உனக்குச் சொன்னேன்.

பதில் உன்னிடமிருந்துதான் வந்தது, பதினைந்து வருடம் கழித்து. அடுக்களையில் கோரைப்பாயை விரித்து, ஒரு ஓரத்தில் சுருக்கம் வைத்து, அந்தச் சுருக்கத்தை மட்டும் மறு ஓரம் வரை தள்ளிக் காட்டினாய். முழுப் பாயையும் இழுக்காமலே பாய் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. இரும்புக்குள் அணு வரிசையிலும் இப்படிச் சுருக்கங்கள் உண்டு, வளைக்கும்போது அவை பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், அதனால்தான் விறைப்பு என்றாய். நாற்பது வருடமாக நான் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தது எதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அந்தக் குழாய். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு, அதாவது எரிய எரியப் புது எரிபொருளையும் ஈனும் அணு உலைக்கு, எரிபொருளை அடைக்கும் ஊசி போன்ற குழாய்களின் விட்டம் 6.6 மில்லிமீட்டர், சுவரின் கனம் 0.45 மில்லிமீட்டர் என்றாய். நான் ஒரு பழைய பிளேடுத் தகட்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். இத்தனை மெல்லிய சுவருக்குள் எரிபொருள், வெளியே 500 டிகிரியையும் தாண்டிச் சூடேறி ஓடும் திரவ சோடியம். அப்படிப்பட்ட ஊசிகள் 217 சேர்ந்து ஒரு கட்டு. அந்த எஃகுக்கு டி-9 என்று பெயர். நூற்றில் பதினைந்து பங்கு குரோமியம், பதினைந்து பங்கு நிக்கல், கொஞ்சம் டைட்டானியம். கடைசியில் அதைக் குளிர்ந்த நிலையிலேயே 20 சதவீதம் இழுத்து விறைப்பேற்றுவார்கள் என்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் கட்டுக்கம்பி வித்தை அங்கேயும் போயிருக்கிறதே!

வேக நியூட்ரான் வந்து மோதும்போது அணு தன் இடத்தை விட்டுத் தெறித்துப் போகும், பின்னால் காலியிடம் விழும் என்று விளக்கினாய். உலைக்குள் இருக்கும் காலத்தில் ஒவ்வோர் அணுவும் பத்துக்கணக்கான முறை இடம்பெயரும் என்றாய். அந்தக் காலியிடங்கள் கூடிக் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களாகும், எஃகு உள்ளுக்குள்ளேயே ஊதும். ஊதினால் நெருக்கமாக நிற்கும் குழாய்கள் ஒன்றையொன்று தள்ளும், வளையும், எடுக்கவே வராது. குளிர இழுத்து ஏற்றிய சுருக்கங்கள் அலைகிற காலியிடங்களை விழுங்கிவிடும், அதனால் ஊதுவது தள்ளிப்போகும். இதுவரை சரிதானே?

நீ சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது பாசிட்ரான் கதை. சோடியம்-22 என்ற பொருளிலிருந்து வரும் பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள், எஃகுக்குள் போய் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்களாகும். நல்ல எஃகில் அதன் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. பொத்தலுக்குள் விழுந்துவிட்டால் அங்கே எலக்ட்ரான்கள் குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் பிழைத்திருக்கும். அந்தக் கூடுதல் நேரத்தை அளந்து, உள்ளே பொத்தல் இருக்கிறது என்று சொல்வீர்கள். அறுக்காமல், உடைக்காமல் இரும்பின் உள்ளே பார்க்கிறீர்கள். எனக்கு அந்தக் கண் இருந்திருந்தால் என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள் எந்தக் கருவியும் இல்லாமலே என் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம். ஓணச் சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது, பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒருவர் இரண்டு வெட்டுகத்தி சொல்லியிருந்தார். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தேன். அந்த எஃகை எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். எண்ணெய் தீர்ந்திருந்தது, வாங்கப் போக நேரமில்லை என்று தண்ணீரிலேயே தோய்த்தேன். இரண்டாவது கத்தியை முக்கும்போது தண்ணீருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தால் சுண்டினது போல, அவ்வளவுதான். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். முதுகிலிருந்து உள்ளே, முடி கனத்தில் ஒரு கோடு. மறுபடியும் உலையில் காட்டிப் பதம் இறக்கினேன், ராவினேன், எண்ணெய் தடவினேன், கோடு மறைந்துவிட்டது. கொடுத்துக் காசு வாங்கிவிட்டேன்.

பதினோராவது நாள் அவர் வேலியில் மூடு வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தி முறிந்தது. முன்பாதி பறந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியது. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் நான்தான் பார்த்தேன். ஊரே என்னைப் பெரிய மனுஷன் என்றது. அவர் எட்டு மாதம் நொண்டினார்.

முறிந்த துண்டுகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முறிவு முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் விரல் அகலத்துக்குக் கருநீலமாக, உலையில் காட்டின நிறம். மீதிப் பகுதி வெள்ளிப்பொடி தூவினது மாதிரி சாம்பல் பளபளப்பு. கருத்த பகுதி என் பட்டறையிலேயே பிளந்தது, பளபளத்தது அவர் கையில் பிளந்தது. யார் எப்போது பிளந்தார்கள் என்பதை இரும்பு எழுதி வைத்திருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி, உளிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன். அம்மாவுக்குக் கூடத் தெரியாது.

இப்போது உன் மூன்று துண்டுகளுக்கு வருகிறேன். அளந்ததில் பிழை இருக்கலாம். துண்டை மெருகேற்றும்போது ஏதாவது நடந்திருக்கலாம். அப்படியானால் திரும்ப அள, பத்து முறை அள, பிழை என்று தெரிந்தால் பிழை என்றே எழுது. ஆனால் காரணம் தெரியாமல் சும்மா ஒதுக்காதே. எஃகு இப்படி ஊதும் என்றே 1967 வரை உலகத்துக்குத் தெரியாது என்று நீதானே சொன்னாய்? ஸ்காட்லாந்தில் டௌன்ரே உலையிலிருந்து வந்த எஃகை கௌதார்ன், ஃபுல்டன் என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இருக்கக் கூடாத பொத்தல்கள் இருந்தன. அவர்கள் அதை மாதிரி கெட்டுவிட்டது என்று தள்ளிவிடாமல் எழுதினார்கள். உன் வேலையே அங்கிருந்து வந்ததுதானே மக்களே.

இன்னொன்று. சந்தையில் என்னைப் பார்க்கிறவர்கள் உன்னைப் பற்றிக் கேட்கிறார்கள், அணு வேலையா, பயமில்லையா என்று. இது மணல்காரர்களின் நாடு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் தோரியம் கலந்த மோனசைட் தாது இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார், மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். உன் பாட்டா காலத்தில் கொடைக்கு எரிந்த பெட்ரோமாக்ஸின் மேன்டில் தோரியத்தால் ஆனது. அந்தத் தோரியம் ஈனுலையில் நியூட்ரான் வாங்கி யுரேனியம்-233 ஆகும் என்றும், கல்பாக்கத்தில் காமினி என்ற சின்ன உலை 1996 முதல் அதில்தான் ஓடுகிறது என்றும் நீ சொல்லி நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கடற்கரையில் இருப்பவர்களுக்குப் பயம் உண்டு, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் உன் ஆய்வகத்துக்குள் வந்து பார்க்க முடியாது. உன் நோட்டில் என்ன இருக்கிறதோ அதை நம்பித்தான் நாங்கள் இங்கே தூங்குகிறோம்.

நீ போன் செய்த மறுநாள் காலையில் பாறசாலைக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வேட்டியை ஒதுக்கி, தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கட்டன்சாயா வந்தது. நான் குடித்தேன், அவர் குடிக்கவில்லை. பஸ் ஏறும் வரை கூடவே நடந்து வந்தார், இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு.

மூன்று துண்டுகளின் எண்களையும் எழுதிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போன் பண்ணு. இந்த முறை ஊருக்கு வரும்போது உளிப்பெட்டியைத் திறந்து தருகிறேன். கருத்த பாதி இன்னும் கருப்பாகவே இருக்கிறது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். உன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, உள்ளே என்ன நடந்தது என்று எனக்குச் சொல்.

அப்பா