அந்த மரத்தைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்: எடிட்டர் வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நாங்கள் அன்றாடம் கோட் எழுதும் எடிட்டரை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

மார்ச் மாதப் பதிப்பில் இடப்பக்க ஃபைல் மரத்தை, அதாவது ஃபோல்டர்களையும் ஃபைல்களையும் அடுக்கிக் காட்டும் பட்டியலை, நாங்கள் எந்த ஃபைலைத் திறந்தாலும் தானாக அங்கே குதித்து ஓடும்படி செய்துவிட்டீர்கள். இதை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. செய்தவர்கள் நீங்கள். அதை அணைத்து வைக்க உதவிய ஒற்றை டிக் பெட்டியை செட்டிங்ஸிலிருந்து தூக்கியவர்களும் நீங்கள்தான். மாற்றக் குறிப்பில் "எளிமையாக்கப்பட்ட வழிகாட்டல்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். இதுபற்றி ஆங்கிலத்தில் மூன்று முறை முறையிட்டேன். மூன்றையும் "60 நாட்களாக அசைவில்லை" என்று உங்கள் தானியங்கி மூடிவிட்டது. அசையாத புகாரை மூடத் தெரிந்த உங்களுக்கு அசையாத மரத்தின் அருமை தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஆங்கிலத்தில் எழுதி ஆகாத காரியம் தமிழில் எழுதுவதால் கெட்டுவிடப் போவதில்லை. இதே எடிட்டரின் முன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மவர்களாவது படிக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஃபைலைத் திறந்தால் அந்த ஃபைல் திறக்கட்டும். மரம் அதன் பின்னால் ஓட வேண்டாம். ஓட வேண்டுமா, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமா என்பதை நாங்கள் முடிவுசெய்ய உதவிய டிக் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

இதற்கா இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் கோயம்புத்தூரில் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதும் ஏழு பேர் கொண்ட சிறிய குழு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் கடைசி நாள் 20ஆம் தேதி. தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே 20ஆம் தேதி மாலையில் எங்கள் அலுவலகத்தில் யாரும் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. சென்ற மாதம் அந்தத் தேதியில், ஏழு மணி இருக்கும், திருப்பூரிலிருந்து ஒரு நூல் வியாபாரி போன் செய்தார். திரும்பி வந்த சரக்குக்கு அவர் போட்ட கிரெடிட் நோட்டுகளின் வரி, மொத்த வரியிலிருந்து கழிவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டிருந்தது. சரக்கும் திரும்பி வந்து, அதற்கு வரியும் இரண்டு தடவை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்த மாதிரிப் பிழை ஒரே ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்காது. பில்லுக்கு வரி போடும் ஃபைல், கிரெடிட் நோட்டுக்கு வரி போடும் ஃபைல், இரண்டுக்கும் பொதுவாகப் பைசாவைச் சரிசெய்யும் ஃபைல், படிவத்தின் அட்டவணையை நிரப்பும் ஃபைல், இவற்றைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஃபைல் என்று ஐந்து இடங்கள். இந்த ஐந்துக்கும் மாறி மாறிப் போய் வந்தால்தான் எந்த இடத்தில் கழித்தல் குறி தொலைந்தது என்று பிடிபடும்.

உங்கள் பழைய பதிப்பில் இதற்கு எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேண்டாத ஃபோல்டர்களையெல்லாம் மடக்கிவிட்டு, இந்த ஐந்தும் ஒரே திரையில் தெரியும்படி மரத்தை ஒருமுறை நகர்த்தி வைத்துக்கொள்வேன். அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே தேவையிருக்காது. மளிகைக் கடை அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே சீரக டப்பாவில் கை வைப்பார் அல்லவா, அதுபோல மவுஸ் தானாக அங்கே போகும். கண்ணும் மனமும் கோட்டிலேயே இருக்கும்.

அன்று இரவு என்ன ஆனது? பைசாவைச் சரிசெய்யும் ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று போனேன். மரம் குதித்து அந்தப் பொது ஃபோல்டருக்குப் போனது. அங்கிருந்து தசம எண்களைக் கையாள வேறு யாரோ எழுதிய லைப்ரரிக்குள் ஓர் எட்டு எட்டிப் பார்த்தேன். மரம், இப்படி வெளியிலிருந்து வாங்கிய லைப்ரரிகள் எல்லாம் குவிந்து கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை வாயைப் பிளந்து திறந்து, நாங்கள் எழுதாத, எங்களுக்குச் சம்பந்தமில்லாத நூற்றுக்கணக்கான ஃபோல்டர்களைத் திரை முழுக்கக் கொட்டியது. என் ஐந்து ஃபைல்களும் அதற்கு அடியில் எங்கோ புதைந்துபோயின. தேடி எடுத்து ஒன்றைத் திறந்தால் மரம் மறுபடி குதிக்கிறது. லைப்ரரி ஃபோல்டரை மடக்கினேன். அடுத்த தடவை உள்ளே எட்டிப் பார்த்ததும் மறுபடி விரித்து வைத்தது. அண்ணாச்சி ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் யாரோ டப்பாக்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தால் சீரகம் கேட்டவருக்குக் கடுகுதான் போய்ச் சேரும்.

அப்படித்தான் ஆனது. ஐந்து ஃபைல்களில் மூன்றின் பெயர் 'இன்டெக்ஸ்'. எந்த ஃபோல்டரின் இன்டெக்ஸ் என்று, திறந்த ஃபைலின் பெயர் மேலே தெரியும் டேபில் முன்பு சிறிய எழுத்தில் காட்டுவீர்கள்; அதையும் மார்ச்சில் எளிமையாக்கிவிட்டீர்கள். மரத்தில் இடத்தை வைத்து அடையாளம் காண்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி, அந்த இடமும் நிலையாக இல்லை. கிரெடிட் நோட்டின் இன்டெக்ஸில் போட வேண்டிய கழித்தல் குறியை பில்லின் இன்டெக்ஸில் போட்டுவிட்டேன். டெஸ்டுகள் வரிசையாகச் சிவந்தன. நான் திருத்தியதில் கோளாறா, திருத்திய இடத்தில் கோளாறா என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று நான்தான் உட்காரவைத்திருந்தேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, நாம் இப்போது எங்கே இருக்கிறோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக நானே எழுதிய புராஜெக்டில், எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

திருத்தம் கடைசியில் ஒரே ஒரு வரிதான். பத்தே முக்காலுக்கு அனுப்பினோம். வியாபாரி பதினொன்றரைக்குத் தாக்கல் செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். நன்றி சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இதை ஒருவனின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோ, பிராட் மையர்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் துறையில் இருப்பவர்கள் படிக்காமல் இருக்க முடியாது. எக்லிப்ஸ் என்ற எடிட்டரில் வேலை செய்த 10 ஜாவா நிரலாளர்களைக் கவனித்தார்கள். அவர்களுடைய நேரத்தில் சராசரியாக 35 சதவீதம், தேவையான கோட் துண்டுகளுக்கு இடையே போவதும் வருவதுமான இயந்திர வேலையிலேயே கழிந்திருந்தது. அவர்கள் பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் கொடுக்கப்பட்டது சுமார் 500 வரிகள் கொண்ட ஒரு குட்டி ஓவிய மென்பொருள். எங்களுடையது லட்சத்தைத் தாண்டி வெகு நாட்களாகிறது. அதே எக்லிப்ஸுக்கு மிக் கெர்ஸ்டன் உருவாக்கிய மைலின் என்ற துணைக் கருவி, கையில் இருக்கும் வேலைக்குத் தொடர்பில்லாதவற்றை மரத்திலிருந்து மறைத்தது. மரத்தில் கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவ்வளவு பழைய பாடம். நீங்கள் கூட்டத்தை அழைத்து வந்து வாசலில் நிறுத்துகிறீர்கள்.

மற்ற எடிட்டர்களை எடுத்துக்காட்டாகச் சொல்வது மரியாதை இல்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். எக்லிப்ஸில் இரண்டு அம்புக்குறி போட்ட ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் மரம் எடிட்டரைத் தொடரும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்டெலிஜேயில், திறந்திருக்கும் ஃபைலை எப்போதும் காட்டவா என்பது பயன்படுத்துபவரின் விருப்பம். விஷுவல் ஸ்டூடியோவிலும் அப்படியே. விஎஸ் கோடில் மரம் ஃபைலைத் தொடர்வதுதான் இயல்புநிலை, ஆனாலும் அதை அணைக்கலாம். ஃபைலை அடையாளம் மட்டும் காட்டு, நகராதே என்று நடுவில் ஒரு நிலையும் வைத்திருக்கிறார்கள். நோட் மாட்யூல்ஸ் பக்கம் போகாதே என்று சொல்ல ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கிறது. இத்தனை பேர் ஒரே டிக் பெட்டியை வைத்திருப்பது பொழுதுபோகாமல் இல்லை. மரம் தொடர்வது வேண்டும் என்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் தங்கள் பெட்டியை டிக் செய்துகொள்ளட்டும்.

"மரத்தை யார் பார்க்கிறார்கள், பெயரைத் தட்டித் தேடுங்கள்" என்று உங்கள் ஊழியர் ஒருவர் பதில் எழுதியிருந்தார். தட்டித் தேடுகிறேன் ஐயா, சப்லைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டரைப் பயன்படுத்திய காலத்திலிருந்தே தேடுகிறேன். பெயர் தெரிந்ததைத் தேடலாம். 'இன்டெக்ஸ்' என்று தட்டினால் வருகிற நீண்ட பட்டியலில் எது என்னுடையது? அதைவிட முக்கியம், பெயரே தெரியாத ஒன்று பக்கத்தில் இருப்பதை மரம்தான் காட்டும். கிரெடிட் நோட்டுக்குப் பக்கத்திலேயே டெபிட் நோட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அங்கேயும் இதே தவறு இருக்கலாம் என்று அன்று அந்தப் பெண்தான் கண்டாள், மரத்தைப் பார்த்து. இருந்தது. (விம் என்ற பழைய எடிட்டரைப் பயன்படுத்தும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.)

சொல்ல வந்ததோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வலப்பக்கத்தைப் பற்றிப் பேசாமல் எப்படி? அங்கே ஓர் உரையாடல் பெட்டியை வைத்திருக்கிறீர்கள், மூடினால் அடுத்த நாள் காலை திரும்ப வந்து, "இன்று என்ன உருவாக்கலாம்?" என்று கேட்கிறது. இடப்பக்கம் துள்ளும் மரம், வலப்பக்கம் பேசும் பெட்டி, நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதையில் எங்கள் கோட். மேடையில் நீங்கள் காட்டும் மாதிரி புராஜெக்டில் எட்டே ஃபைல்கள். அதில் மரம் துள்ளினால் அழகாகத்தான் இருக்கும், கைதட்டலும் வரும். எங்கள் ஒவ்வொரு கிளிக்கையும் நீங்கள் எண்ணுவதாக நிபந்தனைகளில் எழுதியிருக்கிறீர்கள். மார்ச்சுக்குப் பிறகு மரத்தின் மேல் விழும் கிளிக்குகள் கூடித்தான் இருக்கும். தயவுசெய்து அதைப் பட்டைகளாக வரைந்து, புதிய மரத்தை மக்கள் விரும்புகிறார்கள் என்று யாரும் கூட்டத்தில் காட்டிவிடாதீர்கள். வழி தவறியவன் நாலு கதவைத் தட்டினால் அவன் விருந்துக்கு வந்தான் என்று எழுதிக்கொள்வீர்களா?

மன்னிக்க வேண்டும், வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. உங்கள் எடிட்டரின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளாக இதில்தான் எழுதுகிறேன். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் புராஜெக்ட் முழுக்கப் பிசகாமல் மாற்றிக் கொடுக்கும் வேலையை உங்களைப்போல் யாரும் செய்து நான் பார்க்கவில்லை. எங்கள் ஏழு பேருக்கும் சந்தா கட்டச் சொல்லி முதலாளியிடம் வாதாடியவனும் நான்தான். அதனால்தான் வேறொன்றுக்கு மாறிப் போகாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய தோற்றம் முழுவதும் வேண்டும் என்று கேட்கவில்லை. வலப்பக்கப் பெட்டியைக்கூட நாங்கள் சகித்துக்கொள்வோம். மரம் தானாக நகரக் கூடாது என்று நாங்கள் சொன்னால் அது நகராமல் இருக்க வேண்டும். அந்த ஒரு டிக் பெட்டி. முடிந்தால் டேபில் ஃபோல்டரின் பெயர். அதற்குத் தனி மடல் எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன்.

அடுத்த 20ஆம் தேதிக்குள் செய்துகொடுத்தால் பேருதவியாக இருக்கும். அதுவரை நாங்கள் ஏழு பேரும் பிப்ரவரிப் பதிப்புக்குத் திரும்பியிருக்கிறோம். தினமும் காலையில் எடிட்டரைத் திறந்ததும் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெட்டி வருகிறது. அதில் 'இப்போது', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
ஜனவரி வரை சந்தா கட்டியிருக்கும் நிரலாளன் ஒருவன்,
கோயம்புத்தூர்.