சமுதாயக் கல்லூரி உடல்நல உதவியாளர்களுக்கு மேற்படிப்புக்கு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களிலேயே, பத்தாம் வகுப்பு தேறியவரும் தவறியவரும் சேரலாம், ஓராண்டு படித்தால் மருத்துவமனையில் வேலை என்று சொல்லும் சேர்க்கை விளம்பரங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் சில, சமுதாயக் கல்லூரிகள் நடத்தும் உடல்நல உதவியாளர் படிப்புக்கானவை. அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற பின், தென்மாவட்டத்துச் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஆறு ஆண்டுகள் அப்படிப்புக்குப் பகுதிநேர ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், அந்த விளம்பரங்கள் சொல்லாமல் விடுகிற ஒரு செய்தியைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாட்டின் மீது எனக்குக் குறை இல்லை. 1995-ல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிவைத்த இந்த முயற்சியைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றதில் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்சுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இக்கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013-14-ல் தனியே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களையும், பிள்ளை பெற்று வளர்த்த பின் படிக்க வருபவர்களையும் வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்த கல்லூரிகள் இவை.

என் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆலையிலோ ஜவுளிக் கடையிலோ வேலை பார்த்தவர்கள். முதல் மாதம் அவர்களை அச்சுறுத்தியது இரத்தமோ சீழோ அல்ல, நோயாளியின் கேஸ் ஷீட்டில் இருக்கும் ஆங்கிலம்தான். அதைக் கடந்துவிட்டால், இரத்த அழுத்தம் பார்ப்பது, குடித்த நீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து குறிப்பது, அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது எல்லாம் அவர்களுக்கு விரைவில் கைவந்தன. ஊசி போடுவதைவிட எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை வலியில்லாமல் புரட்டுவது கடினமான வேலை. இதை இன்றைய இளம் செவிலியர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாமியாரையும் கைக்குழந்தையையும் ஒருசேரப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு இதில் பாதி முன்பே தெரிந்திருந்தது. இடையில் நின்றவர்களும் உண்டு. பாடம் புரியாமல் நின்றவர்கள் அவர்களில் மிகச் சிலரே. பேருந்துக் கட்டணமும், குழந்தையை விட்டுவர இடமில்லாததும், பயிற்சிக் காலத்தில் நின்றுபோன தினக்கூலியுமே பெரும்பாலோரை நிறுத்தின.

படிப்பை முடித்த ஏறக்குறைய எல்லாருக்கும் வேலை கிடைத்தது. அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. என் முதல் அணியில் படித்த ஒரு பெண்மணி, தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழாண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறார். நோயாளிகள் அவரை ‘சிஸ்டர்’ என்று அழைக்கிறார்கள். சம்பளப் பதிவேட்டில் அவர் ‘ஆயா’. துணைச் செவிலியர் படிப்பில் சேரலாம் என்று அவர் விசாரித்தபோது, பிளஸ் 2 தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வயது வரம்பும் குறுக்கே நின்றன. ஓராண்டுப் படிப்பையும் ஏழாண்டு அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அந்தச் சேர்க்கை விதிகளில் இடமில்லை.

உடல்நல உதவியாளர் சான்றிதழைக் கொண்டு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய முடியாது. நோயாளிகளின் பாதுகாப்பைக் கருதும் எவரும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான (ஆய்வகம், எக்ஸ்ரே போன்ற பிரிவுகளின் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான) தேசிய ஆணையச் சட்டம், ஒருவரைத் துணைநிலை மருத்துவப் பணியாளராகக் கருதுவதற்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரவிய பட்டயமோ பட்டமோ வேண்டும் என்று வரையறுத்திருப்பதால், ஓராண்டு படித்தவர்களுக்கு அந்தக் கதவும் மூடிக்கிடக்கிறது. மறுபுறம், படிப்பைக் கிரெடிட் என்னும் அலகில் அளக்க 2023-ல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு ஓர் ஆண்டுப் படிப்பை 1,200 மணி நேரமாகவும் 40 கிரெடிட்டாகவும் கணக்கிடுகிறது. அப்படியானால் மீதம் இருப்பது 800 மணி நேரம். வேலையில் இருந்துகொண்டே இன்னோர் ஆண்டில் அதை முடித்து இரண்டாண்டுப் பட்டயம் பெறுவதற்கு ஓர் இணைப்புப் படிப்பை வகுக்க, திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

குறுகிய பயிற்சி தனியாக நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சான்று உண்டு. அங்கே 2010-ம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ், அரசு உதவித்தொகை பெறும் ஏழைகளுக்கு மருத்துவத் துறைப் பயிற்சி அளிக்க மானியங்கள் வழங்கப்பட்டன. மிகுதியானோர் சேர்ந்தது செவிலிய உதவியாளருக்கான குறும்பயிற்சியில். படிப்பை முடித்தவர்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, அவர்களின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று மதிப்பீட்டு ஆய்வு காட்டியது. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரின் அனுபவம் வேறு. 1990-ல் லீவைஸ் ஆடை ஆலை மூடப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்த பின், அவ்வூர்த் தேவாலயங்கள் உள்ளிட்ட மக்கள் அமைப்புகள் 1992-ல் ‘புராஜெக்ட் குவெஸ்ட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. அது ஏழைகளைச் சமுதாயக் கல்லூரியில் சேர்த்து, பதிவுபெற்ற செவிலியர் போன்ற நீண்ட படிப்புகளை முடிக்கும்வரை கட்டணமும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, வாரந்தோறும் ஆலோசகரைச் சந்திக்கவும் வைத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களையும் தேராதவர்களையும் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வில், திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாக ஈட்டியது தெரியவந்தது. படிப்பின் நீளமும் உடன் கிடைத்த துணையும் சேர்ந்தே இந்த வேறுபாட்டை உண்டாக்கின என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டில் இத்தகையோரின் தேவை குறையப் போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கு நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுயஉதவிக் குழுப் பெண்களை வீடு வீடாக அனுப்பி இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வைத்திருக்கிறது. வலியைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. இத்திட்டத்தின் பணியிடங்களில் சமுதாயக் கல்லூரியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை அளிக்கலாம். அவர்களின் இணைப்புப் படிப்புக்கான களப்பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் காலத்தில் பேருந்து அட்டையும் சிறு உதவித்தொகையும் கொடுக்கலாம்.

அரசு இவற்றைச் செய்ய நாளாகும். தங்களால் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இத்தகைய சேர்க்கை விளம்பரங்களை வெளியிடும்போது, "இப்படிப்பை முடித்தவர் செவிலியராகப் பதிவு செய்ய இயலாது" என்ற ஒரு வரியையும் சேர்த்துத் தருமாறு விளம்பரதாரர்களிடம் கேட்க வேண்டுகிறேன். கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்ட வரும் பெண், கட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
விருதுநகர்.